சாமிக்கு வைத்த போத்தல்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பெர்னாட்டின் பாரில் உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கும். மேலே விசிறி சுற்றுகிறதா, அதைப் பார்த்துப் பார்த்து நம் தலை சுற்றுகிறதா என்று தெரியாது. கோலா சிலாங்கூர் பக்கமிருந்து கடல் மேகம் மெல்ல ஏறி வரும். கடைவரிசைக்குப் பின்னால் செம்பனை மரங்கள் ஒவ்வொரு வரிசையாக மங்கிக்கொண்டே போகும். கடைசி வரிசை அங்கே இருக்கிறதா, நாமாக நினைத்துக்கொள்கிறோமா என்று சந்தேகம் வரும். அந்த நேரத்தில் பெர்னாட் கல்லாவில் முழங்கையை ஊன்றி ஒரு கண்ணால் தூங்குவார், மறு கண்ணால் ஈ ஓட்டுவார்.

ஈ ஓட்டுவது என்பது இங்கே பேச்சுக்குச் சொன்னதில்லை. கையுறை ஃபேக்டரியில் இரண்டு ஷிப்டை ஒன்றாக்கி, ஓட்டி என்கிற கூடுதல் நேர வேலையை நிறுத்தி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பாருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவை ஈக்கள் மட்டும்தான். சமையற்கட்டில் டொரீன் வறுத்து வைக்கும் ஆட்டிறைச்சி, மூடி போட்டபடியே ஆறிப் போகும்.

டொரீன் ஒரு நாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“இங்க பாருங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். கடை தாங்குனா தாங்கட்டும். தாங்கலன்னா ஜொகூருக்குப் போயிருவோம். கிளாரிஸ்ஸா ரூமு ரெடி பண்ணி வெச்சிருக்கா.”

கிளாரிஸ்ஸா அவர்களுடைய ஒரே மகள். பதினான்காவது மாடியில் வீடு. நல்ல மகள், நல்ல மருமகன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் பெர்னாட் யார்? டீவி பார்க்கும் தாத்தா. இங்கேயோ, ஈஜோக்கிலிருந்து தஞ்சோங் காராங் வரை லோரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ‘பெர்னாட்ணே இருக்காரா?’ என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே காலை வைப்பார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவரால் எங்கும் போக முடியாது. அதுதான் உண்மை. அதை அவர் டொரீனிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து எதிர்க்கடை சேது ஒரு பலகை வைத்தான். நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பெரிய போத்தல் மூன்று வெள்ளி விலை குறைவு. சேதுவும் பெர்னாட்டும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, ஒரே தோட்டப் பள்ளியில் அடி வாங்கியவர்கள்தான். கடை வைத்த பிறகு இருவருக்கும் நடுவே ஒரு சாலை வந்துவிட்டது. பெர்னாட் பலகையைப் பார்த்தார், அவருக்கு வீம்பு வந்தது. மறுநாள் தன் வாசலில் அதைவிடப் பெரிய பலகையை வைத்தார்: ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா.

கூட்டம் வரத்தான் செய்தது. வராமல் என்ன செய்யும்? நாலு மணிக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டின. பெர்னாட்டின் தூக்கம் போயிற்று, நடையில் ஒரு துள்ளல் வந்தது. டொரீனைப் பார்த்து ‘பாத்தியா’ என்று புருவத்தைத் தூக்கினார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சிக்கலை ஆரம்பித்து வைத்தவர் திவாகரன். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். உடம்பில் இனிப்பு ஏறிப்போய், ஒரு போத்தலுக்கு மேல் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இரண்டாவது போத்தலை வீட்டுக்குக் கொண்டு போனால் மனைவி தங்கமணி அதை அவர் தலையிலேயே உடைப்பாள். வேண்டாம் என்று விட்டுவரவும் மனம் இல்லை. திவாகரன் யோசித்தார். பிறகு அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மழைமரம். அதன் அடியில் முனியாண்டி இருக்கிறார். பழைய தோட்டத்தின் எல்லைச் சாமி அவர். தோட்டம் வீடமைப்புக்குப் போயிற்று, லயத்தை இடித்தாயிற்று, தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் வீடு இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம் நிற்கிறது. முனியாண்டியைப் பெயர்க்க மட்டும் எந்தக் குத்தகைக்காரனுக்கும் துணிச்சல் வரவில்லை. மஞ்சள் பூசிய சின்ன மேடை, ஒரு வீச்சரிவாள், எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமைகளில் யாராவது சுருட்டும் கறுப்பு பீரும் படைப்பார்கள்.

திவாகரன் போத்தலைத் திறந்து மேடையில் வைத்தார். “ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு லா, சாமி. கணக்கு சரியாப் போச்சு,” என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

பார்த்தவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அடுத்த நாள் இரண்டு பேர் வைத்தார்கள். அந்த வாரக் கடைசியில் மேடையில் இடம் இல்லாமல் வேரிலும் போத்தல்கள் நின்றன. அத்தனையையும் சாமி குடிப்பாரா? படைத்ததை அங்கே இருக்கிறவர்கள் பகிர்ந்துகொள்வதுதான் வழக்கம். யார் வாங்கியது, யார் வைத்தது என்று கேட்பதில்லை. சாமி கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் சசிகுமார் வந்தான்.

ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவன் சசிகுமார். சம்பள நாளில் மேசையில் இருக்கும் எல்லாருக்கும் தன் காசில் பெலாஞ்சா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். வேலை போனதும் பார் பக்கமே வருவதை நிறுத்திவிட்டான். ஒருமுறை சாலையில் வைத்து, “வாடா, இன்னிக்கு நான் பெலாஞ்சா,” என்று திவாகரன் கையைப் பிடித்து இழுத்தார். “இல்லண்ணே, அவசர வேல இருக்கு,” என்றான். அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கொடுத்துப் பழகிய கைக்கு வாங்குவது அத்தனை சுலபமாக வராது. ஆனால் சாமி வைத்திருக்கும் போத்தலை எடுப்பதற்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லையே.

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் அந்த ஃபேக்டரியிலிருந்து நின்றவர்கள். சாயங்கால வெயில் மழைமரத்தின் இலைகளில் வடிந்து, தண்ணீருக்குள் இருப்பது போல அவர்கள் மீது அசையும். சுருட்டுப் புகை எழும்பிக் கலையும். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். எப்போதாவது ஒரு சிரிப்பு கேட்கும். பெர்னாட் கல்லாவிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பார். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். தன் வீம்பில் விளைந்த நன்மை இது என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஆனால் அவர் மரத்தடிக்குப் போனதில்லை. படைத்ததைத் தொடாத கிறிஸ்தவ வீடு அவருடையது. கோயிலிலிருந்து வரும் சுண்டலைக்கூட டொரீன் சிரித்த முகத்தோடு வாங்கி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

மரத்தடி அத்தனை நன்றாக இருந்ததுதான் தொல்லையாகப் போயிற்று. காசு கொடுத்துக் குடிக்கிறவர்களும் கிளாஸை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தார்கள். உள்ளே விசிறிகள் காலி நாற்காலிகளுக்கு வீசின. மரத்தடிக்கு யாரோ வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்ததால் டொரீனின் ஆட்டிறைச்சியை யாரும் கேட்கவில்லை. ஏழு மணி அடித்ததும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். போத்தல்கள் பறந்தன, ஆனால் கல்லாவில் ஒன்றும் தங்கவில்லை.

“நீங்க கடை நடத்துறீங்களா, கோயில் நடத்துறீங்களா?” என்றாள் டொரீன்.

“ஆளுங்க வர்றாங்கல்ல?”

“ஆளு வருது. டுயிட் வருதா, காசு?”

அன்று மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கல்லாவில் தலை சாய்த்தவர் அப்படியே தூங்கிப் போனார், கனவு கண்டார்.

கனவில் முனியாண்டி சாலையின் நடுவே நின்றுகொண்டிருந்தார். மீசையில் மழைத்துளி. பின்னால் வெள்ளைக் குதிரை செம்பனைப் பழத்தை மென்றுகொண்டிருந்தது. சாமி இந்தப் பக்கத்துப் பலகையைப் படித்தார், அந்தப் பக்கத்துப் பலகையைப் படித்தார், விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “இங்க வாங்க சாமி, இங்கதான் மலிவு!” என்று பெர்னாட் கூவினார். “அங்க போகாதீங்க, இன்னும் ஒரு வெள்ளி கொறைக்கிறேன்!” என்று சேது அங்கிருந்து கூவினான். இவர் குறைக்க, அவன் குறைக்க, கடைசியில் இருவரும் சும்மாவே தருகிறோம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். சாமிக்குச் சலித்துப் போயிற்று. “ஏன்டா, ரெண்டு பேரும் இப்பிடிக் கத்துனா மனுசன் எங்கதான்டா ஒக்காந்து குடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, குதிரையில் ஏறி, புகை மாதிரி இருந்த மரங்களுக்குள் போய்விட்டார்.

பெர்னாட் விழித்துக்கொண்டார். மழை விட்டிருந்தது. சாலை ஈரத்தில் வானம் கிடந்தது. மனம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது. சேதுவிடம் போய், ‘ரெண்டு பேரும் பலகைய எடுத்துருவோம்டா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் என்ன கடித்துவிடவா போகிறான்? செருப்பை மாட்டிக்கொண்டு சாலை ஓரம்வரை போனார்.

எதிரே சேது முட்டி போட்டு உட்கார்ந்து, தன் பலகையில் ஏதோ அழித்து எழுதிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு வெள்ளி குறைத்திருந்தான்.

பெர்னாட்டின் காது சூடாயிற்று. வந்த வழியே திரும்பினார். சாக்குக் கட்டியை எடுத்து, தன் பலகையில் ‘ஏழு மணி வரை’ என்பதை அழித்து ‘ஒன்பது மணி வரை’ என்று எழுதினார். எழுதும்போதே, செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை.

கிறிஸ்மஸ் வந்தது. கடை தாங்கவில்லை.

புது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பீர் கம்பெனி லோரி வந்து குளிர்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. அவை கம்பெனியுடையவைதான், ஆனாலும் அவை நின்ற இடத்தில் தரை வெளுப்பாகத் தெரிந்தபோது பெர்னாட்டுக்கு அழுகை முட்டியது. பலகையை உள்ளே போட்டுக் கதவை இறக்கிப் பூட்டினார். பெட்டிகளும் பானைகளும் அடைத்த காரில் டொரீன் முன்னிருக்கையில் தயாராக இருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கிளாரிஸ்ஸா காத்திருப்பாள்.

சேது சாலையைக் கடந்து வந்தான். எத்தனையோ வருஷத்தில் அவன் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது தெரிவதில்லை.

“போறியா?”

“போறேன்.”

“என் கடையும் தாங்காது லா பெர்னாட். சீனப் புது வருஷத்தோட முடிச்சிருவேன். நீ பலகைய எடுப்பே, நானும் எடுக்கலாம்னுதான் தெனம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நானும் அப்படித்தான்டா என்பதை விழுங்கிக்கொண்டு பெர்னாட் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“வா கடைக்கு. ஒரு போத்தல், என் பெலாஞ்சா,” என்றான் சேது.

“வேணாம் சேது. நேரமாச்சு.”

நேரம் இருந்தது. கடையைத் தோற்ற கையோடு சேதுவின் மேசையில் உட்கார்ந்து அவன் ஊற்றுவதைக் குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். சேது அவர் முகத்தையே பார்த்தான். வற்புறுத்தவில்லை. திரும்பிப் போனான். சற்று நேரத்தில் ஒரு பெரிய போத்தலோடு மறுபடி சாலையைக் கடந்தான். பெர்னாட்டைத் தாண்டி மரத்தடிக்குப் போய், போத்தலைத் திறந்து முனியாண்டி முன் வைத்து, கும்பிட்டுவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காமலேயே தன் கடைக்குப் போய்விட்டான்.

மரத்தடியில் சசிகுமாரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். சும்மா கிடைத்த போத்தல் நின்றுபோன பிறகும், பழகிய இடம் என்று வருகிறவர்கள். யாரும் அந்தப் போத்தலைத் தொடவில்லை. சசிகுமார் மட்டும் வேரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான்.

“வாங்க அங்கிள்,” என்றான். “சாமிது.”

பெர்னாட் காரைத் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஈர மண் காலுக்குக் குளிர்ந்தது. வேரில் உட்கார்ந்து, சசிகுமார் எடுத்துக் கொடுத்த போத்தலை இரண்டு கையாலும் வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க அழுதார். சசிகுமார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

காருக்குள்ளிருந்து டொரீன் எல்லாவற்றையும் பார்த்தாள். ஹாரன் அடிக்கவில்லை. எட்டி இன்ஜினை அணைத்தாள். பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தாள்.