ஐயாவின் வாய்

அன்று காலை தோக்தோ ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தை ஐயாவுக்கு முன்னால் இருந்த நெருப்பில் போட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். சோளம் படபடவென்று வெடித்துக் கருகியது. புகை மேலே போனால் ஐயா சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். வாசனை பிள்ளைகள் பக்கம் போவதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஐயா செத்து அறுபது வருஷம் ஆகிவிட்டது. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்திவிட முடியுமா என்ன? முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, மலைக்குளிரில் உலர்ந்த உடம்போடு அவர் தன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தபோது அவர் ஓர் இன்கா அரசருக்குத் தம்பி. தலைநகர் குஸ்கோவுக்கு வடக்கே மூன்று மலைகளின் விலாவை வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தக் கால்வாயால் சரிவெல்லாம் படிப்படியாக வயலாகி, கிடங்குகளில் உலர்ந்த கிழங்கும் உப்புக்கண்டமும் கம்பளித் துணியும் நிரம்பி வழிந்தன. ஐந்து வருஷம் மழை பொய்த்தபோதுகூட ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குச் செத்தபிறகும் நிலம் அவர் பேரில் இருப்பதுதானே நியாயம். அந்த நியாயத்தில்தான் ராஜ்ஜியமே மாட்டிக்கொண்டது. நல்ல நிலமெல்லாம் செத்தவர்கள் பேரில். புதிதாகப் பட்டம் ஏறுகிறவர் தனக்கென்று ஒரு சாண் மண் வேண்டுமானால், முன்னவர் போனதைவிடத் தூரமாகப் போய்ச் சண்டை போட வேண்டும். போனார்கள். கடைசியில் அம்மை வந்து பாதிப் பேரை வாரிக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் பட்டத்துக்காக வெட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து கடலிலிருந்து தாடிக்காரர்கள் ஏறி வந்தார்கள். பிறகு என்ன, கிடங்குகளில் எலிகூட இல்லை.

செத்தவர் பேச ஒரு வாய் வேண்டும். தோக்தோவை ஒன்பது வயதில் கொண்டுவந்து ஐயா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. பெற்றவர்கள் வைத்த பேர் ஐயாவின் குலத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று. எல்லோருக்கும் அவள் ‘வாய்’தான். யாராவது வந்து ஏதாவது கேட்டால், அவள் ஐயா பக்கம் தலையைச் சாய்ப்பாள். உள்ளே ஒரு கனம் இறங்கும். பிறகு சொல் வெளியே வரும். அது யாருடைய சொல் என்று அவள் சந்தேகப்பட்டதே இல்லை. அதற்கு அவளிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. அவளுக்கு இருபது வயதில் பவ்கார் என்ற வாலிபன், சீசா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்று ஐயாவிடம் கேட்க வந்தான். தோக்தோவுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. ‘கூடாது’ என்று சொல்லிவிட அவள் உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது ‘கட்டிக்கோ’. தானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா?

அந்தப் பவ்கார்தான் இப்போது குலத்துக்குப் பெரியவன். தலை நரைத்து, முன்பல் இரண்டு போய், வாசலில் வந்து நின்றான். பின்னால் குலம் மொத்தமும் நின்றது. மொத்தம் என்றால் நாற்பது பேர்.

“வாயே, தாடிக்காரப் பாதிரியாரோட ஆள் வந்துட்டுப் போனான்,” என்றான். “ஐயா இங்கதான் இருக்காருன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. செத்தவரக் கும்பிடக் கூடாதாம். மத்தியானத்துக்குள்ள நாமளே ஒப்படைச்சா நிலம் நம்மகிட்டயே இருக்குமாம்.”

“இல்லேன்னா?”

“நிலம் வேற தொரைக்குப் போயிரும். ஆம்பளைங்கள எல்லாம் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்க. போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்?”

“பனிக் குகைக்குத் தூக்கிட்டுப் போயி ஒளிச்சு வச்சா?”

“வைக்கலாம். ஐயா இருப்பாரு. நாம இருக்க மாட்டோம்.” அவன் ஐயாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். “இத நாங்க முடிவு பண்ண முடியாது. ஐயாவே சொல்லட்டும்.”

கூட்டத்திலிருந்து சீசா முன்னால் வந்தாள். ஒட்டிய கன்னத்தோடு இடுப்பில் பேரப்பிள்ளை. “ஐயா சொல்லட்டும். நீ சொல்லாத,” என்றாள். “ஐயா போனா ஒனக்கு இங்க என்ன சோலி? அத மனசுல வச்சுக்கிட்டுப் பேசிறாத, ஆமா.”

“வாய மூடு, சீசா,” என்றான் பவ்கார்.

“ஒரு வாய்தானே இங்க தொறக்கணும். நான் மூடிக்கிறேன்.”

தோக்தோவுக்குக் கோபம் வரவில்லை. சீசா சொன்னது உண்மை. ஐயா போய்விட்டால் தான் யார்? நெய்யத் தெரியாது, விதைக்கத் தெரியாது, பிள்ளை பெற்றதில்லை. நாற்பது வருஷமாக இந்த மனிதருக்கு ஈ விரட்டி, உடை மாற்றி, அவர் எழுந்திருக்கும் முன் எழுந்து, அவர் தூங்கியபின் தூங்கியிருக்கிறாள். அவரில்லாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயமாக இருந்தது.

தலையை ஐயா பக்கம் சாய்த்தாள். காத்திருந்தாள்.

ஒன்றும் இறங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். கால்வாயில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பேரப்பிள்ளை சிணுங்கியது. ஐயா வெறும் உலர்ந்த தோலும் துணியுமாக உட்கார்ந்திருந்தார். ‘ஐயா, என் மானத்தை வாங்காதீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று மனதுக்குள் கெஞ்சினாள். குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெயில் வாசற்படி ஏறி அவள் காலைத் தொட்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே அந்த மூன்று பிள்ளைகள். அவர்கள் ஐயாவைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அணைந்த நெருப்பில் கருகாமல் தப்பிய மணி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னக் குடுத்துருங்க,” என்றாள் தோக்தோ, ஐயாவின் கனத்த குரலில். “நான் சாப்பிட்டது போதும்.”

நாற்பது வருஷத்தில் அவள் தெரிந்து சொன்ன முதல் பொய் அது. நாக்கு கூசும், இடி விழும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. சொல் எப்போதும் வருவது போலவே வந்தது, எப்போதும்போலவே எல்லோரும் குனிந்து கும்பிட்டார்கள். அன்றைக்கு ‘கட்டிக்கோ’ என்றதும் இப்படித்தானா? அப்படியானால் அவனைத் தூக்கிக் கொடுத்தவள் யார்?

எல்லோரும் எழுந்தபின்னும் பவ்கார் மட்டும் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது.

“என்ன, பவ்கார்,” என்றாள் அவள், தன் குரலில்.

“போவ மாட்டேன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன்,” என்றான் அவன். “என்னையே விக்க வந்தியாடா நாயேன்னு திட்டுவாரு, எல்லாருமா குகைக்குத் தூக்கிட்டு ஓடி அங்கயே செத்துரலாம்னு நெனச்சேன். இப்படி ஒத்துக்கிட்டாரே, வாயே.”

அவள் ஐயாவின் உடையை நீவிச் சரிசெய்தாள். உண்மையைச் சொன்னால் அவன் பிழைக்கமாட்டான்.

மத்தியானம் வருவதற்கு முன்பே வெள்ளைத் துணியால் மூடி ஐயாவைத் தூக்கிப் போனார்கள். ரொம்பக் கனமில்லை, இரண்டு பேருக்கே சுலபமாக இருந்தது. வழியில் நின்றவர்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள். பாதிரியார் அனுப்பிய சிப்பாய் ஒருவன், ஏனென்று தெரியாமலே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தோக்தோ கால்வாய் வளைவுவரை போனாள். அதற்கு மேல் சிப்பாய்கள் விடவில்லை.

திரும்பி வந்தபோது சீசா வீட்டு முற்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கிழங்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். சீசா இவளைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு சுரைக்குடுக்கையில் கஞ்சியை ஊற்றி அவள் கையில் வைத்தாள்.

“உப்புப் போதுமா பாரு, தோக்தோ.”

தோக்தோ ஒரு வாய் குடித்தாள். போதுமா? அவளுக்குத் தெரியவில்லை. அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. பழக்கத்தில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் பவ்காரின் பேத்தி உட்கார்ந்திருந்தாள். தோக்தோ தன்னிடம்தான் ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்து, அந்தச் சிறுமி வாயில் கஞ்சியோடு நிமிர்ந்து பார்த்தாள்.