பத்தடி பாக்கி

அப்புசாமிக் கவுண்டரின் போர்வெல் கம்பெனியில் மூன்று ரிக்கு வண்டிகளும் இரண்டு மேனேஜர்களும் ஒரு டைப்ரைட்டரும் இருந்தன. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் மட்டும் ஒரே ஒருத்தன், ஆண்டி. ராடு நுனியில் பாறையை இடித்துக்கொண்டு இறங்கும் ஹேமரின் சத்தத்தை வைத்தே கல் மாறுகிறதா, மண் சரியப்போகிறதா, எத்தனையாவது அடியில் ஊற்று என்று சொல்லிவிடுவான்.

ஆனால் கம்பெனியில் ஒரு வழக்கம். வறண்ட பாறை முழுக்க ரிக்கை இயக்கும் லீவரை ஆண்டி பிடிக்கலாம். குழியிலிருந்து பறக்கும் புழுதி ஈரமானதும் இறங்கிவிட வேண்டும். கவுண்டரின் மச்சினன் மகன் குமாரசாமி ஏறிக்கொள்வான். காலனிக்காரன் கை பட்டு வந்த தண்ணீரைத் தோட்டத்துக்காரர்கள் குடிக்க மாட்டார்களாம். அதே கை தோண்டிய முந்நூறு அடிக் குழி மட்டும் ஆகுமாம்! தண்ணீர் பீய்ச்சியதும் தேங்காய் உடைத்து, குமாரசாமி தோளில் வேட்டி துண்டு போடுவார்கள். ஆண்டி தள்ளி நின்று பார்ப்பான். பதினோரு வருஷம் பார்த்தான்.

எண்பத்து மூன்று சித்திரையில், ஊரெல்லாம் கிணறு வறண்டு கிடந்தபோது, வாய்விட்டுக் கேட்டான். "ஆபரேட்டர்னு எம்பேரைப் போடுங்க சாமி. தண்ணி வந்தாலும் என்னைய லீவர்லயே உடுங்க."

கவுண்டர் சம்பளத்தைக் கூட்டினார். அதுக்கும் மசியவில்லை என்றதும் கைக்கடிகாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "அதை மட்டும் கேக்காதறா. சனம் ஒத்துக்காது."

சனத்தின் மேல் பழி போட்டால் சனம் வந்து கேட்கவா போகிறது? ஆண்டி கடிகாரத்தைத் தொடாமல் வெளியே வந்தான். ஒற்றை ரிக்கு வைத்திருந்த வாழப்பாடி மாதையன் மறுவாரமே தேடி வந்து, "தண்ணி வந்தாலும் நீதான் லீவர்ல" என்று கூட்டிப்போனார். ஆண்டியிடம் தொழில் கற்ற இரண்டு பேரும் அவன் பின்னாலேயே நின்றுகொண்டார்கள். கம்பெனியின் இரண்டு வண்டிகள் ஷெட்டில் முடங்கின. மூன்றாவதுக்கு மிஞ்சியவன் குமாரசாமி.

அவன், பரமத்தி வேலூரில் கவுண்டரின் சொந்தக் கொடிக்காலிலேயே, இருநூற்று அறுபதாவது அடியில் ஹேமரைச் சிக்கவைத்தான். வறண்ட பாறையில் ஒருநாளும் லீவர் பிடித்திராதவன், முரட்டுத்தனமாக இழுத்து இன்னும் இறுக்கிவிட்டான். வாய்க்காலும் வறண்டுபோய், வெற்றிலைக் கொடி கண்ணெதிரே பழுத்துக்கொண்டிருந்தது.

கவுண்டரின் கார் காலனிக்குள் வந்தது. "ஆண்டி, வாப்பா" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் 'ப்பா'. "ஹேமரை எடுத்துக் குடு. ஃபோர்மேன் நீதான்."

உள்ளேயிருந்து அவன் மனைவி குப்பாயி கையைப் பிடித்து இழுத்தாள். "போவாத. மானங்கெட்டா போறது?"

"மானத்துக்குத்தான் போறேன், புள்ள." வெளியே வந்து சொன்னான். "வாரேனுங்க. உங்க பங்காளிக அத்தனை பேரும் வந்து நிக்கோணும். நான் லீவர் பிடிக்கறதப் பாக்கோணும்."

கவுண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலை பங்காளிகள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஆண்டி இழுக்கவே இல்லை. கொஞ்சம் கீழே விட்டான், திருப்பினான், காற்றை அடித்தான், ஒரு சாண் தூக்கினான். மறுபடியும் கீழே. ஒரு மணி நேரத்தில் ஹேமர் இளகியது. ராடுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்தான். ஹேமர் நுனியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துப் பார்த்தான். ஈரம்.

"இன்னும் பத்தடிங்க" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு இஞ்சுத் தண்ணி இருக்குது, கொடிக்காலுக்குத் தாராளம். ஆனா மேல மண்ணு சரியுது. தெரிஞ்ச கைதான் இறக்கோணும்."

கவுண்டர் முகம் மலர்ந்தது. "அப்புறமென்ன, உடுறா ஹேமரை!"

'ப்பா' போய்ப் பழைய 'றா' வந்துவிட்டது. ஆண்டி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"தண்ணி வர்ற நேரத்துல நான் தொட்டா உங்க சனம் குடிக்காதுங்களே. குமாரசாமிய ஏறச் சொல்லுங்க."

குமாரசாமி குழியைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். கவுண்டர் பங்காளிகளைப் பார்த்தார், கொடிக்காலைப் பார்த்தார்.

"நான் குடிக்கறேன், ஆண்டி. இத்தனை பேர் முன்னால சொல்றேன். உன்ற கைத்தண்ணிய நானே மொதல்ல குடிக்கறேன்."

ஆண்டி லீவரைத் திரும்பிப் பார்த்தான். கேட்டபோது இதைக் கொடுத்திருந்தால், அந்த லீவரிலேயே கிழவனாகியிருப்பான். கொடி வாடிய பிறகுதானே கவுண்டருக்குத் தாகம் வந்திருக்கிறது!

"வாழப்பாடியில வேலை கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். பின்னால் இன்ஜின் உறுமுவதும் அணைவதுமாக இருந்தது.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொடிக்கால் இன்னும் நாலு நாள்கூடத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். மனசுக்குள் இரக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தான். இல்லை. நாமக்கல் வரும்வரை அசந்து தூங்கினான்.