பதினெட்டாவது சால்

“கலப்பை லீவர எத்தனாவது பல்லுல விடணும்?”

“மூணாவது.”

“நாலு பல்லு இருக்கே, ஏன் மூணாவது?”

“ரெண்டுல விட்டா மண்ணைச் சொரிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். நாலுல விட்டா வண்டி திணறி நின்னுடும். அக்கா, காலையிலேருந்து ஆறு தடவ கேட்டுட்ட.”

“ஏழாவது தடவையும் கேப்பேன். மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்குற கைடா உன்னுது.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அவள் கணவர், மாமா, அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தம்பி மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றான். இருமல் அடங்கியபோது அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தான்.

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி மூன்று நாளாகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, அதைத் தாண்டிச் சின்ன வயல். கொட்டகையில் அந்த டிராக்டர் நின்றது. அக்காவை விட ஒன்பது வயது பெரியது. பஸ் டிப்போவில் என்ஜின் பிரித்துப் பூட்டுகிற வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவள், ஓய்வு பெற்ற வாரமே இரும்புக் கடையில் அதைக் கண்டுபிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு வருடம் ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள், தேய்த்தாள், மாட்டினாள். கிடைக்காத பாகங்களைத் தானே லேத்தில் கடைந்தாள். போன மாதம்தான் அது முதன்முதலாகப் புகை விட்டது. மறு வாரம் அவள் படுத்துவிட்டாள். கலப்பை இன்னும் மண்ணைத் தொடவில்லை.

“கொட்டகையில ஓடுற சத்தம் வேற, மண்ணுக்குள்ள போற சத்தம் வேற,” என்றாள் அக்கா. “எனக்கு அது ஒரு தடவ கேக்கணும். அவ்வளவுதான்.”

காலையில் ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸ், வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: இன்றைக்குள், இல்லையென்றால் விடிவதற்குள்.

“ஜன்னல்ல ஒரு துண்டு கட்டிடுங்க மாமா,” என்றான் தம்பி. “ஏதாவதுன்னா அவுத்துடுங்க. நான் நிறுத்திட்டு ஓடி வந்துடுறேன்.”

“நடுவுல நிறுத்தினா சூடு ஆறுற வரைக்கும் திரும்பக் கிளம்பாது,” என்றாள் அக்கா. “ராத்திரி ஆயிடும்.”

மாமா தன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். தபால் மூட்டைகளைக் கட்டிப் பழகிய கை. முடிச்சு சின்னதாக, இறுக்கமாக விழுந்தது.

“ஆறு வருஷமா எனக்குச் சக்களத்தி மாதிரி வீட்டுல நிக்குது,” என்றார். “இன்னிக்காவது அது வேலை செய்யட்டும். போ மாப்ள.”

கொட்டகையில் தம்பி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலை மூன்று தடவை சுற்றினான். மூன்று தடவையும் டிராக்டர் தும்மிவிட்டு அடங்கியது. நான்காவது தடவை ஹேண்டில் எதிர்த்து உதைத்தது. நல்லவேளை, அக்கா சொன்னபடி கட்டைவிரலை மடக்காமல் பிடித்திருந்தான். என்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மேலிருந்து துரு உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது.

வயலின் நீளம் எண்பது அடி. மொத்தம் பதினெட்டு உழவுச் சால் வரும் என்று அக்கா கணக்குச் சொல்லியிருந்தாள். வரப்பு ஓரமாக வண்டியை நேராக்கி லீவரில் கை வைத்தான். ஒரு வருடமாக அவள் கல் பொறுக்கிய நிலம்தான். ஆனால் எங்காவது ஒரு கல் மிச்சமிருந்து, அதில் கலப்பை மாட்டி, என்ஜின் நின்றுவிட்டால்? லீவரை இறக்கினான். முதல் பல்லில் நிறுத்திக்கொண்டான்.

டிராக்டர் சுலபமாகப் போனது. பின்னால் திரும்பிப் பார்த்தால் மண்ணில் மெல்லிய கோடு. இரண்டாவது சாலும் அப்படியே. மூன்றாவதில் அவனுக்குச் சற்றுத் தைரியம்கூட வந்தது. வீட்டுப் பக்கம் பார்த்தான். துண்டு இருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. ஆனால் மாமா அங்கே இல்லை. அவர் வெறுங்காலோடு வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

தம்பியின் கால் க்ளட்சுக்குப் போனது.

“நிறுத்தாத! நிறுத்தாத!” மாமா டிராக்டரோடு கூடவே ஓடினார். “ஏமாத்துறியாம்!”

“என்னது?”

“கலப்பை மண்ணைத் தொடவே இல்லையாம்! வண்டி ஊர்வலம் போற மாதிரி போகுதுன்றா! மூணாவது பல்லாம்!” மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். “திட்டுறா மாப்ள! நல்லாத் திட்டுறா!”

அதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தம்பி அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் அதே வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி ஓடினார். தம்பி அவர் உள்ளே போகும்வரை காத்திருந்தான். ஜன்னலில் அவர் கை தெரிந்ததும் லீவரை அழுத்தினான். இரண்டு. மூன்று.

என்ஜின் சத்தம் சரிந்தது. யாரோ ஒரு பெரிய மிருகத்தின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியதுபோல. முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. கரும்புகை எழுந்தது. என்ஜின் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு, இனி அடிக்காது என்று நினைக்க வைத்து, மறுபடி அடித்தது. அவன் கால் தானாகவே க்ளட்சின் மேல் போய் நின்றது. பயந்து மிதிக்காதே, அது தானாக மூச்சு வாங்கிக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

மிதிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

பிறகு சத்தம் கீழேயே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்துகொண்டது. கனமான, சீரான, தரைக்குள்ளிருந்து வருகிற சத்தம். இருக்கை வழியாக அது அவன் முதுகெலும்புக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தான். மண் கறுப்பாகப் புரண்டு படுத்துக்கொண்டிருந்தது, ஈரத்தோடு, பளபளப்பாக. இத்தனை வருடம் அந்த வறண்ட நிலத்துக்கு அடியில் இப்படி ஒரு நிறம் இருந்ததா?

ஐந்தாவது சால். ஆறாவது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தான். வெள்ளை இருந்தது. ஒன்பதாவது சாலில் கலப்பை எதிலோ இடித்து வண்டி குலுங்கியது. ஒரு நொடி எல்லாம் நின்றுவிட்டதுபோல் இருந்தது. பிறகு ஒரு தேங்காய் அளவு கல் வெளியே உருண்டது. அவனே சத்தமாகச் சிரித்துவிட்டான். அக்கா இதையும் கேட்டிருப்பாள். எந்தப் பக்கம் இடித்தது என்றுகூடச் சொல்லுவாள்.

பன்னிரண்டாவது சால் முடிந்து திரும்புகையில் ஜன்னலில் மாமாவின் கைகள் தெரிந்தன. துண்டின் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். காற்று கூட இல்லை. தம்பி கையைத் தூக்கி ஆட்டினான். அவர் பதிலுக்கு ஆட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

பதினெட்டாவது சால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. திட்டு வாங்கத் தயாராக, கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வண்டியை நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. உழுதபின் அது எப்படி மூச்சு விடுகிறது என்று அவள் கேட்க வேண்டாமா? உடம்பெல்லாம் மண்ணோடு அறைக்குள் போனான்.

“கடைசி கோணல்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கல்லு...”

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கை அவர் கைக்குள் இருந்தது. அவள் முகம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உதடுகள் லேசாகத் திறந்திருந்தன, எதையோ சொல்லப்போகிறவள்போல.

“தூங்குறாளா?”

மாமா ஜன்னலில் இருந்த துண்டைப் பார்த்தார்.

“மாமா. துண்டு ஏன் அவுக்கல?”

“அவுத்தா நீ நிறுத்திடுவியே மாப்ள.” அவர் குரல் என்ஜின் சத்தத்துக்குள் சரியாகக் கேட்கவில்லை. “எண்ணிக்கிட்டே இருந்தா. பதினொண்ணு வரைக்கும் அவ எண்ணினா. பன்னெண்ட நான்தான் எண்ணினேன்.”

தம்பி அவள் நெற்றியைத் தொடப் போனான். தன் கையிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான்.

“கை சூடாத்தான் இருக்கு,” என்றார் மாமா. “பாரேன். சூடாத்தான் இருக்கு.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாலை ஊசிக்கு வந்த நர்ஸ் உள்ளே வந்தாள். இருவரையும் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். நெஞ்சில் ஓரிடத்தில் வைத்தாள். இன்னோர் இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். புருவம் சுருங்கியது.

மேசைமேல் டம்ளரில் இருந்த தண்ணீர் மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கட்டிலும் அதிர்ந்தது. அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த ஒற்றை மயிரும் அதோடு அசைந்தது.

நர்ஸ் நிமிர்ந்து ஒரு காதிலிருந்து மட்டும் குழாயை எடுத்தாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல,” என்றாள். “யாராவது அந்த வண்டியக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?”