தண்ணி மில்லில் அரைத்த சீர் மாவு

அடையாறு கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்த தண்ணி மில், பாதி நாள் அரிசியை மாவாக்கியது, மீதி நாள் மாவை அரிசியாக்கியது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடியும்போது அதன் மரச்சக்கரம் ஒரு பக்கமாகச் சுற்றும். கடல் ஏறி ஆற்றுக்குள் வரும்போது மறுபக்கமாகச் சுற்றும். அவ்வளவுதான் விஷயம். யார் கட்டியது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது, ஒன்றும் நம்பும்படி இல்லை. தெருவுக்குத் தெரு கரண்ட் மில் வந்த பிறகும் இங்கே கூட்டம் குறையவில்லை. வண்டு விழுந்த மாவை அரிசியாக்கிப் புடைத்து எடுத்துப் போக வேறு இடம் ஏது? தொண்ணூற்று மூன்றில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியபோதும் சக்கரம் நிற்கவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: ஏறுவதா வடிவதா என்று தெரியாமல் தண்ணீர் தயங்கி நிற்கும் கொஞ்ச நேரத்தில் எதையும் அரைக்கக் கூடாது. காந்தி நகரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

விசாலாக்ஷிக்கும் தெரியும். ஆனாலும் தொண்ணூற்றாறு தை மாதம், மகள் ஸ்ரீரஞ்சனியின் கல்யாணச் சீர் முறுக்குக்கான மாவை அவள் அந்த நேரத்தில்தான் அரைத்தாள். காரணம் பஞ்சாங்கம். ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் கழித்துப் பார்த்தால் நல்ல நேரம் சரியாக அங்கேதான் வந்து நின்றது. போன வருஷம் ஸ்ரீரஞ்சனிக்கு நிச்சயமான இடம், காபி ஆறிப்போயிருந்தது என்ற ஒரே சொல்லில் தட்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு பல்லி சத்தம் போட்டால்கூட விசாலாக்ஷிக்குப் பகீரென்றது. மில்லை ஓட்டிய அம்மாசி தலையைச் சொறிந்தான். "தண்ணி நின்னுக்கினு கீது மாமி. ஆனா நல்ல நேரம்னு நீங்க சொன்னா நான் இன்னா சொல்றது?" என்று அரிசியையும் உளுந்தையும் கொட்டிவிட்டான்.

மாவு வெள்ளை வெளேரென்று வந்தது. முறுக்கும் பொன்னிறமாக வெந்தது. சமையல்காரர்கள் டின்களில் அடுக்கித் துணி கட்டிவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பன்று காலை மயிலாப்பூர் சத்திரத்தில், டின்னுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டு விசாலாக்ஷி துணியை அவிழ்த்தாள். உள்ளே பச்சரிசியும் உளுந்தும் கிடந்தன. எண்ணெய் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது. மத்தியானம் கடல் வடியத் தொடங்கியதும் அதே டின்னில் முறுக்கு, ஒரு சுற்றுக்கூடக் குலையாமல் உட்கார்ந்திருந்தது. கடை முறுக்கைச் சீர் வைத்தால் அதைவிடப் பேச்சாகிவிடும். கணவர் அனந்தராமனை மில்லுக்கு விரட்டினாள். மறுநாள் முகூர்த்த நேரத்தில்தான் கடல் ஏறத் தொடங்குமாம் என்று திரும்பி வந்து சொன்னார்.

"பரிகாரம் ஏதாவது இருக்கான்னு கேட்டேளா?"

"கேட்டேன். சமுத்திரத்துக்கிட்ட போய்ச் சொல்லுங்கோங்கறான்."

மறுநாள் மேடையோரம் பட்சணத் தட்டுகளைப் பரப்பி வைத்தார்கள். சம்பந்தி மாமி அவற்றுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியதும் முறுக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்து அரிசியாயின. தன் மகளின் வாழ்க்கையே அந்தத் தட்டில் உதிர்வதுபோல விசாலாக்ஷிக்கு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வாத்தியார் "அட்சதை, அட்சதை" என்று கத்திக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்தது கூட்டத்துக்குப் போதவில்லை. சம்பந்தி மாமி எழுந்துபோய்ச் சீர்த் தட்டிலிருந்து இரண்டு கையாலும் அரிசியை அள்ளி மணமக்கள் தலையில் போட்டாள். மற்றவர்களும் அள்ளினார்கள். உளுந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிற்பகல் நலங்கின்போது கடல் வடிந்தது. ஸ்ரீரஞ்சனியின் பின்னல் முழுக்க முறுக்குத் துண்டுகள். சம்பந்தி மாமி ஒன்றை எடுத்துக் கடித்தாள். பாட்டு நின்றுபோயிற்று.

"நன்னா மொறுமொறுன்னு இருக்கு. சீமந்தத்துக்கும் அங்கேயே அரைச்சுடுங்கோ."

விசாலாக்ஷிக்கு அழுகை வந்துவிட்டது. மகளின் காதோரம் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து அவளும் வாயில் போட்டுக்கொண்டாள்.