நனைந்த காக்கி

குற்றாலம் ஐந்தருவியில் சீசன் நேரத்தில் பெண்கள் பக்கம் குளித்தவர்கள் யாரும் ஏட்டம்மா முத்துச்செல்வியை மறந்திருக்க மாட்டார்கள். மற்ற போலீஸ்காரர்கள் கம்பிக்கு வெளியே நின்று விசில் ஊதிக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் உடுப்போடு அருவிக்குள் போய், "போதும்மா, அடுத்தவங்களுக்கு வழி விடு" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவாள். சட்டையும் பேண்ட்டும் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். போன சீசனில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வேலை பார்த்தால் இப்படிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் கைதட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

முத்துச்செல்வி தலை நிமிரவே இல்லை. எவ்வளவு தன்மையான பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கோ பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருஷமாக அவளுக்கு மூத்திரம் நிற்பதில்லை. தும்மினால் போகும், இருமினால் போகும், சமயத்தில் ஒன்றும் செய்யாமலே போகும். அருவிக்குப் பக்கத்தில் நனைந்து நிற்கிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதனால் நனைந்தாள்.

பந்தோபஸ்துக்கு வருகிற பெண் போலீஸ் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தொண்டையை நனைக்காமல் வர வேண்டும் என்பது யாரும் எழுதிவைக்காத விதி. கழிப்பறை கார்கள் நிற்கிற இடத்தைத் தாண்டிக் கீழே இருக்கிறது. இடத்தை விட்டு நகர்ந்தால் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். வாக்கியில் சொன்னால் மெயின் அருவியில் கேட்கும், பழைய அருவியில் கேட்கும், ரோட்டில் வண்டியை மறித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் கேட்கும். ஒருமுறை ஒரு பெண் அப்படிச் சொல்லப் போய், எவனோ ஒருத்தன், "பாத்து பத்திரமா போயிட்டு வாங்க, ஓவர்" என்று சொல்லிவிட்டான். அந்த சீசன் முழுக்க அவளைக் கண்டாலே ஆண்கள் "ஓவர்" என்றார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து முத்துச்செல்வி அடக்கப் பழகினாள். நாள் முழுக்கக் காதில் தண்ணீர் விழுகிற சத்தம் வேறு. அடக்கிக்கொண்டு நிற்கிறவளுக்கு அதைவிடப் பெரிய சித்திரவதை கிடையாது.

இந்த ஆனி மாதம் சாரல் தொடங்கியதுமே அவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. முதுகில், விலாவுக்குக் கீழே, நிமிர முடியாத வலி. தென்காசியில் டாக்டர் அஃப்ஷானிடம் போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் ஒரு தாளில் படம் வரைந்தார்.

"இது ரெண்டும் கிட்னி. பெரிய மொச்சைக்கொட்டை கணக்கா இருக்கும். ராவும் பகலும் ரத்தத்தை வடிகட்டிக்கிட்டே இருக்கும். கழிவெல்லாம் இந்த ரெண்டு குழா வழியா கீழ பைக்கு வரும். இது வெறும் பை இல்ல, முழுக்கத் தசை. பாதி நெறஞ்சதுமே மூளைக்குச் சொல்லிவிடும். நீங்க அப்புறம், அப்புறம்னு தட்டிக்கழிச்சா, பை விரிஞ்சு தொவண்டு போவும். பெறகு நீங்க போனாலும் முழுசா காலியாகாது. தேங்கி நிக்கதுல கிருமி வளரும். உங்களுக்கு அது குழா வழியா மேல ஏறி கிட்னிக்கே போயிட்டுது. கீழ வாயை இறுக்கிப் பிடிக்கிற தசையும் தளந்து கெடக்கு. எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"அடக்கவே மாட்டேன் டாக்டர். டயத்துக்குப் போயிருவேன்."

டாக்டர் அவளுடைய காக்கியைப் பார்த்தார். ஸ்கேனைப் பார்த்தார். "மாத்திரையை நான் தாரேன். தண்ணி நல்லா குடிக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா போகணும். அதை உங்களுக்காக வேற ஆளு செய்ய முடியாது. இப்படியே விட்டா கிட்னி சுருங்கிப் போவும்" என்றார்.

மாத்திரையை முத்துச்செல்வி ஒழுங்காக விழுங்கினாள். மற்றதைச் செய்யவில்லை. ராணுவத்திலிருந்து தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிற கணவனிடம்கூடச் சொல்லவில்லை. கிட்னி கெட்டால் உள்ளே கெடும், யாருக்கும் தெரியாது. மானம் கெட்டால் ஊருக்கே தெரியும். புத்தியுள்ள பொம்பளைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் நூர்நிஷா வந்தாள். வடகரைக்காரி, பயிற்சி முடித்த கையோடு வந்த புதுப்பெண். முதல் நாளே கடையில் டீ வாங்கிக் குடித்தாள். பாதி டூட்டியில் எழுந்து வந்து, "அக்கா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்திருதேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் எஸ்.ஐ. சங்கிலிப்பாண்டியும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்துவிட்டதே என்று முத்துச்செல்விக்கு உடம்பு கூசியது. கூச்சம் கோபமாக வந்து விழுந்தது.

"ஏட்டி, வீட்டுலயே போயிட்டு வந்தா என்ன? டூட்டியில வந்து டீயக் குடிச்சா முட்டத்தான் செய்யும். நான் போறனா? என்னையப் பாத்துப் படி."

சங்கிலிப்பாண்டி சிரித்தார். "ஏட்டம்மா இரும்புல்லா" என்றார். நூர்நிஷாவின் முகம் சுண்டிப்போயிற்று. கழிப்பறைக்குப் போகாமலே தன் இடத்துக்குத் திரும்பினாள். மறுநாளிலிருந்து அவள் டீ குடிக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுவரவில்லை. அதைக் கவனித்தபோது முத்துச்செல்விக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் கவனிக்காதவள்போல இருந்துவிட்டாள்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அலைமோதியது. நூர்நிஷா வரிசைக் கயிற்றுப் பக்கம், சாரல் படாத படிக்கட்டில் காலையிலிருந்து நின்றாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த கனத்த பெண் ஒருத்தி படியில் வழுக்கி விழ, நூர்நிஷா குனிந்து இரண்டு கையாலும் அவளைத் தூக்கினாள். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். நூர்நிஷா எழவில்லை. படியிலேயே உட்கார்ந்து, முழங்காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த படியில் ஈரம் பரவியது. வரிசையில் நின்ற ஒருத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முத்துச்செல்விக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டு ஓடினாள். நூர்நிஷாவின் கையைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்தை விலக்கி, நேரே அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். தானும் நின்றாள். தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. நூர்நிஷா அழுதாள். அந்தத் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முத்துச்செல்வியின் காதருகே வந்தாள்.

"அக்கா, நீங்க இதுக்குத்தான் தெனமும் உள்ள வருதீங்களா?"

"ஆமாட்டி."

"அப்பம் அன்னைக்கு ஏன்க்கா என்னைய அப்படிச் சொன்னீங்க?"

மூன்று வருஷமாக முத்துச்செல்வி தன் உடம்பை நினைத்துப் பட்ட வெட்கமெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தன்னை மறைத்துக்கொள்வதற்காக இந்தப் பிள்ளையைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இருவரும் கம்பிக்கு வெளியே வந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வாக்கி கரகரத்தது. சங்கிலிப்பாண்டியின் குரல். "ஐந்தருவி லேடீஸ், இடத்துல ஆளக் காணோம். ரெண்டு பேரும் எங்கன போயிட்டீங்க? ஓவர்."

கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் அதுதான் வந்தது. முத்துச்செல்வி பொத்தானை அழுத்தினாள்.

"அய்யா, நூர்நிஷாவும் நானும் ஒண்ணுக்குப் போறோம். இனி மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா போவோம். மாத்து ஆள் அனுப்புங்க. ஓவர்."

வாக்கியில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அதை அடக்கிய இருமல். முத்துச்செல்விக்குக் காது மடல் எரிந்தது. குற்றாலம் முழுக்க இந்நேரம் சிரிக்கும் என்று தெரியும். குனிந்த தலையோடு, சொட்டச் சொட்ட, கார்களுக்கு நடுவே நடந்தாள். நூர்நிஷா இரண்டடி முன்னால் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கழிப்பறையில் பெரிய வரிசை. போலீஸ் உடுப்பைப் பார்த்துப் பெண்கள் வழிவிட்டார்கள். ஒரு கதவு திறந்தது. முத்துச்செல்வி நூர்நிஷாவை முன்னே போகச் சொல்லிக் கைகாட்டினாள்.

"நீங்க போங்கக்கா" என்றாள் நூர்நிஷா. "நான்தான் போயிட்டனே."

முத்துச்செல்வி அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.