காது ஒதுக்கீடு

செவ்வாய்க்கிழமை காலையில் என் இடது காதில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

பல் துலக்கும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. பிய்த்தெடுத்து வாசித்தேன். மேற்படி முகவரியில் உள்ள இரண்டு காதுகளும் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் காலியாக இருப்பது கள ஆய்வில் தெரியவந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் உரிய அணிகலன் குடியேற்றப்படாவிட்டால், காதுகள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு ஒதுக்கப்படும். கீழே முகப் பரப்பு அலுவலகத்தின் முத்திரை இருந்தது.

எனக்கு ஆச்சரியம் இல்லை. எதிர் வீட்டுக்காரரின் முகவாயைப் போன மாதம்தான் ஒதுக்கினார்கள். அதில் இப்போது வேறொருவருடைய தாடி இருக்கிறது. வாரம் ஒருமுறை தாடிக்காரர் வந்து சீவிவிட்டுப் போகிறார்.

என் பெயர் அம்சவேணி. வயது நாற்பத்தாறு. பாலிடெக்னிக்கில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். என் கணவர் மாசிலாமணி இறந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. அன்றைக்குத் தோட்டைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போட்டுக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே நாள் போய்விட்டது.

புதன்கிழமை பட்டியலில் இருந்தவர்களே நேரில் வந்துவிட்டார்கள்.

"வணக்கம்மா. நான் அருணகிரி, ரிட்டயர்டு சர்வேயர். இவ என் சம்சாரம், பர்வதவர்த்தினி. காதைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து என் வலது காதை மேலிருந்து கீழாக அளந்தார். பிறகு இடது காதை. துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார்.

"கிழக்குப் பாத்ததா, மேற்கா?"

"நான் திரும்பறதைப் பொறுத்து, சார்."

"அது வசதிதான்."

அவர் மனைவிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு காதிலும் மூன்றடுக்கு ஜிமிக்கி. காது மடல் தோள்வரை இறங்கியிருந்தது. தலையை அசைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு மொத்தம் ஒம்போது ஜோடி இருக்கு" என்றார் அருணகிரி. "காது ரெண்டுதான். மீதி எட்டு ஜோடியும் பீரோவுல இருட்டுல கெடக்கு. பாவமில்லையா?"

"பாவம்தான்."

"அதை உங்க காதுல மாட்டிட்டுப் போயிருவோம். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்குவோம். உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது."

"காது கேக்கறது?"

"கேக்கறதும் எங்களுக்குத்தான் வரும். காது எங்களோடதுன்னா சத்தமும் எங்களோடதுதானே? முக்கியமா ஏதாவது கேட்டா உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவோம்."

"போனை நான் எதுல கேப்பேன்?"

அவர் யோசித்தார். "கடுதாசி போடறோம்" என்றார்.

மரியாதையான மனிதர். ஆனாலும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் பால் பொங்கும் சத்தம், ஆய்வகத்தில் சோதனைக் குழாய் உடையும் சத்தம், உடைத்த மாணவன் "நான் இல்ல மேடம்" என்று சொல்லும் சத்தம், எல்லாம் இனி அவர்கள் வீட்டுக்குப் போகும். நான் கடுதாசிக்குக் காத்திருக்கவேண்டும்.

படி இறங்கும்போது அருணகிரி மனைவியின் இரண்டு ஜிமிக்கியையும் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கினார். பழக்கப்பட்ட இறக்கம் போலிருந்தது.

வியாழக்கிழமை என் நாத்தனார் வசுமதி வீட்டுக்குப் போனேன். மாசிலாமணி இறந்தபோது என் தோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

"தோடு வேணும் வசு."

"தோடு ஊர்ல இல்லையே அண்ணி."

"எங்க போச்சு?"

"கோயம்புத்தூர்ல படிக்குது. ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல இருக்கு."

சுவரில் ஒரு குழுப் புகைப்படம் மாட்டியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில், இரண்டாவது வரிசையில், என் தோடு நின்றது. பக்கத்தில் வசுமதியின் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோடு கொஞ்சம் இளைத்திருந்தது.

"நல்லா படிக்குதா?"

"கணக்குலதான் கொஞ்சம் வீக்கு" என்றாள் வசுமதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப எதுக்கு அண்ணி உங்களுக்குத் தோடு? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள்.

பார்க்கிறவர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் அதற்கு மோர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு முகப் பரப்பு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டர் வாசலிலிருந்து பத்தடிதான். ஆனால் நடக்க நடக்க நடைவழி நீண்டது. எனக்கு முன்னால் போனவர்கள் வழியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். ஒருவர் எனக்கு எலுமிச்சைச் சாதம் கொடுத்தார். அவர் மூக்கு விஷயமாக வந்தவர். வரும்போது தனக்கு முடி கறுப்பாக இருந்தது என்றார்.

கவுன்டரில் இருந்தவரின் முகத்தில் ஓர் இடம்கூடக் காலி இல்லை. இரண்டு மூக்குக் கண்ணாடி, மீசை, கிருதா, கன்னத்தில் ஒரு சின்ன நாட்காட்டி.

"பேரு?"

"அம்சவேணி."

"இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அதுக்கு ஃபாரம் பதினொண்ணு."

ஃபாரத்தில் 'இருப்பதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்.

"சார், என் காது காலியில்ல. அதுல துக்கம் இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"மூணு."

"வாடகை ரசீது?"

"இல்ல."

"அப்ப அது ஆக்கிரமிப்பு. அதைக் காலி பண்ண வேற நோட்டீஸ் வரும்."

எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கான கவுன்டர் அடுத்த கட்டடம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"எங்கிட்ட தங்கம் இல்ல சார்."

"தங்கம்னு யாரு கேட்டா?" அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். "விலை குறைஞ்சது. தெனமும் போடக்கூடியது. விளையாட்டுத்தனமானது. இவ்வளவுதான். தங்கத்தை நாங்க நகையிலயே சேக்கறதில்ல. அது சேமிப்பு."

"அப்ப அந்தப் பர்வதவர்த்தினி அம்மாவுக்கு எப்படிக் காது குடுப்பீங்க?"

"அவங்க காத்திருந்தாங்க" என்றார்.

சனிக்கிழமை நூர்நிஷா பேன்சி ஸ்டோருக்குப் போனேன். கடையின் வாசல் ஒரு முழ அகலம். பக்கவாட்டில்தான் நுழைய முடியும். உள்ளே ரயில்வே பிளாட்பாரம் அளவுக்கு இடம் இருந்தது. அவ்வளவு இடத்திலும் விரல் நகத்துக்குப் பெரிதாக ஒரு பொருளும் இல்லை.

நூர்நிஷா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து சோடா மூடியில் படம் வரைந்துகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். காதில் இரண்டு சின்ன சீலிங் ஃபேன் தொங்கியது. ஓடிக்கொண்டிருந்தது.

"அடக்கமா ஒரு தோடு காட்டுங்க" என்றேன்.

"அடக்கமானதெல்லாம் தீந்து போச்சுக்கா. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு வளையலில் டவுன் பஸ் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் மணிக்கட்டு நரம்பில் நின்று ஆள் ஏற்றியது. ஒரு மோதிரத்தில் யாரோ குடியிருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது. சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவு ஓவியங்கள். ஒன்றில் கடல். ஒன்றில் மத்தியானம். ஒன்றில் பக்கத்து வீட்டு மாடியில் காயும் போர்வை. எல்லாம் ஒரே விலை, முப்பது ரூபாய். கடலுக்கு அது குறைவாகவும் போர்வைக்குச் சரியாகவும் பட்டது.

"இது எடுங்க" என்று நூர்நிஷா கொக்கி மாட்டிய இரண்டு மூடிகளை நீட்டினார். ஒன்றில் மூக்குக் கண்ணாடி போட்ட ஆடு. இன்னொன்றில் ஒரு கட்டு அகத்திக்கீரை.

"ஜோடி சேரலையே."

"ஒரே மாதிரி ரெண்டு இருந்தா அது ஜோடியாக்கா? நகல். ஆட்டுக்குக் கீரைதான் ஜோடி."

என் காது தூர்ந்துபோயிருந்தது. நூர்நிஷா துடைப்பக் குச்சியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து மெதுவாகத் துளையைத் தேடினார். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"மூணு வருஷமா யார் சொல்வாங்கன்னு பாத்துட்டு இருந்தீங்க?"

நான் மூன்று வருடத்தைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"யாரும் இல்ல" என்றேன்.

"இல்லாதவங்க வந்து சொல்ல லேட்டாத்தான் ஆகும்" என்று சொல்லிக் குச்சியைத் தள்ளினார்.

திங்கட்கிழமை பாலிடெக்னிக்கில் எல்லோரும் ஆட்டைப் பார்த்தார்கள். மாணவர்கள் முதலில் எனக்கும் பிறகு ஆட்டுக்கும் வணக்கம் சொன்னார்கள். துறைத்தலைவர் என்னை அழைத்தார்.

"என்ன மேடம் இது?"

"ஆடு சார்."

"ஏன்?"

"முப்பது ரூபா."

அவர் தலையாட்டினார். அன்று முழுக்க என் காதுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். குணாளன் என்று பெயர். பின்னாலேயே அருணகிரியும் பர்வதவர்த்தினியும் வெல்வெட் பெட்டியோடு வந்தார்கள். ஆய்வாளர் என் வலது காதைப் பார்த்தார். சரி என்றார். இடது காதுக்குப் போனார். நின்றுவிட்டார்.

"இதுல என்ன இருந்துச்சு?"

கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். இடது மூடி வெறும் தகரமாக இருந்தது. ஆடு இரவோடு இரவாகப் பின்கழுத்து வழியாக வலது காதுக்குப் போய்விட்டது. கீரைக்கட்டில் பாதி இல்லை.

"ஆடு சார். இந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

"இப்ப இல்ல. காலிக் காதுல காலி மூடி. ரெண்டு காலி."

நாக்கைச் சொடுக்கி ஆட்டைக் கூப்பிட்டேன். அது மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் கீரையில் வாய் வைத்தது. ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். அருணகிரி பெட்டியைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்குக் காது வேண்டும் என்று தெரிந்தது. ஏழு நாளாக நான் அலைந்ததெல்லாம் நோட்டீஸுக்குப் பயந்து. இது அப்படி இல்லை. தொண்டையிலிருந்து வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று பால்கனிக்குப் போனேன். கொடியில் இருந்த மஞ்சள் கிளிப்பை எடுத்தேன். இடது காதில் மாட்டினேன். நன்றாகவே கடித்தது. திரும்பி வந்து நின்றேன்.

"என்ன இது?" என்றார் ஆய்வாளர்.

"கிளிப்."

"அது துணிக்கு."

"துணி காஞ்சிருச்சு சார்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். விலை குறைவு, சரி. தினமும், சரி. மூன்றாவதில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அசையாமல் நின்றேன். அவருடைய மீசையின் ஒரு முனை லேசாகத் துடித்தது. அவர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"காது உங்களோடதுதான்" என்றார்.

"அப்ப எட்டு ஜோடிக்கு என்ன வழி?" என்றார் அருணகிரி.

யாரும் பதில் சொல்வதற்குள் பர்வதவர்த்தினி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா."

"என்ன கலர் வேணும்?"

"பச்சை இருக்கா?"

இருந்தது. எடுத்து வந்தேன். அவர் திருகாணியைக் கழற்றினார். துருப்பிடித்த கேட் திறப்பதுபோலச் சத்தம் வந்தது. ஒரு ஜிமிக்கியைக் கணவரின் வலது கையிலும் இன்னொன்றை இடது கையிலும் வைத்தார். அருணகிரி அந்தக் கனத்தில் மெல்ல மெல்லக் குனிந்து, தரையில் உட்கார்ந்தார்.

பர்வதவர்த்தினி கழுத்தை ஒருமுறை இடமும் வலமும் திருப்பினார். பிறகு அவருடைய கால்கள் தரையை விட்டன. முதலில் ஒரு சாண். பிறகு ஒரு முழம். பதற்றமே இல்லை. சேலைக் கொசுவத்தை மட்டும் சரிசெய்துகொண்டார்.

"பர்வதம், எறங்கு" என்றார் அருணகிரி. அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

"இருங்க."

"சார், நீங்க சொல்லுங்க."

ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். "தரைக்கு மேல எங்க அலுவலகம் கெடையாது" என்றார். கோப்பைக் கட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் முதலில் மின்விசிறியை நிறுத்தினேன். பிறகு பச்சைக் கிளிப்பை எட்டிக் கொடுத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டேன். அருணகிரிக்குப் புகட்டினேன். அவர் மனைவிக்குக் கொடுக்க ஸ்டூல் மேல் ஏறவேண்டியிருந்தது.

"சர்க்கரை போதுமாம்மா?"

ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார், மேலேயிருந்து.