துடைக்காத கிரவுன்

“ஃபேனை நிறுத்தும்மா, பெட்டியைத் திறக்கப்போறேன்.”

அவள் நிறுத்தினாள். ‘கிறீச்’ என்று ஒருமுறை முனகிவிட்டு மின்விசிறி ஓய்ந்தது.

“நாளைக்கு எண்ணெய் விட்டுடறேன்” என்றான் கணவன். அந்த நாளை வருஷக்கணக்காக வராமலே இருந்தது.

அவன் சேர்த்துவைத்த பழங்காசுப் பெட்டி திறந்திருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது. எச்சில் துளி தெறித்தால் காசில் கறை விழுந்துவிடும். எல்லாம் சைகைதான். வெல்வெட்டில் பதிந்திருந்த காசுகளின் நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிய குழி மட்டும் காலியாக இருந்தது. அவள் அதைக் காட்டி, உதட்டை உள்ளே இழுத்துப் பொக்கைவாய் காட்டினாள். சிரிப்பை அடக்க மாட்டாமல் அவன் மூடியைப் பட்டென்று சாத்தினான். பிறகு பால் வாங்கக் கீழே போனான். தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை.

அந்தக் குழிக்குரியது ‘கிரவுன்’ என்னும் பெரிய பிரிட்டிஷ் வெள்ளிக்காசு. ஏழாம் எட்வர்ட் முடிசூடிய 1902ஆம் ஆண்டுக்காக அச்சிட்ட புரூஃப் காசு. புரூஃப் என்றால் கடைத்தெருவுக்குப் போகாமல், வைத்துப் பார்ப்பதற்கென்றே தனிக் கவனத்தோடு அடிப்பது. பொதுவாகக் கண்ணாடிபோல் மின்னும். அந்த ஆண்டுக் காசுகளை மட்டும் வேண்டுமென்றே மங்கலாக, மாவு பூத்ததுபோல விட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுத்தார்கள். யார் கையும் தேய்க்காத கிரவுன் ஒன்றைத்தான் அவன் சாகும்வரை தேடினான்.

அவன் போன பிறகு ஒருநாள், ஒரு வீட்டின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வருவதாகக் கொழுந்தன் வந்து சொன்னான். லாரி ஓட்டுகிறவன், காசு என்றால் டீசலுக்குக் கொடுப்பது என்ற அளவில்தான் அவனுக்குப் பழக்கம். கணவனின் ஸ்கூட்டரை விற்ற பணம் அவள் கையில் இருந்தது. வேறு சேமிப்பு கிடையாது. இருவரும் போனார்கள்.

ஏல மண்டபத்தின் நீள மேசையில் வெள்ளிக்காசுத் தட்டு இருந்தது. பளபளத்த கிரவுன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சாம்பல் பூசியதுபோலக் கிடந்தது. அவள் குனிந்தாள். தட்டை விளக்கடியில் மெல்லச் சாய்த்தாள். மற்ற காசுகளில் வெளிச்சம் வழுக்கி ஓடியது. இதில் ஓடவில்லை; முகம் முழுக்கப் பனிபோலப் படிந்து நின்றது. விளிம்பு கொஞ்சமும் மழுங்காமல், கூர்மையாக இருந்தது. இதேதான்!

“என்ன அண்ணி இது, இவ்வளவு மங்கலா இருக்கு? கொஞ்சம் துடைச்சுப் பாப்போமா?” கொழுந்தன் கைக்குட்டையோடு காசை நெருங்கிவிட்டான்.

அவன் மணிக்கட்டை அவள் பாய்ந்து பிடித்தாள். தட்டு கலகலத்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அடுத்த மேசையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் திரும்பினார். அவள் கணவனின் நண்பர், ஏலத்தில் பரம எதிரி. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கைக்குட்டைக்கும், கைக்குட்டையிலிருந்து காசுக்கும் போயிற்று. அவர் புருவம் உயர்ந்தது.

போச்சு.

“மங்கிப்போன கிரவுன் ஒண்ணு. யாராச்சும் ஆரம்பிங்கப்பா” என்றார் ஏலக்காரர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

அவள் கை தூக்கினாள். கண்ணாடிக்காரர் தூக்கினார். மறுபடி அவள். மறுபடி அவர். ஏலக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணி, ஸ்கூட்டர்ல ரெண்டு சக்கரமும் போயாச்சு” என்று கொழுந்தன் கிசுகிசுத்தான்.

“வாயை மூடு தம்பி.”

“இப்ப இன்ஜினும் போச்சு.”

விலை ஸ்கூட்டரைத் தாண்டியது. இனி கை தூக்கினால் வாடகைப் பணம். ஒரே ஒரு தடவைதான் முடியும். அவர் எங்கே விடப்போகிறார் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஏலம் முடிந்து வந்தும் கணவன் அவரைப்போல அவளுக்கு அப்படியே நடித்துக் காட்டுவான். “துடைக்க ஆரம்பிச்சான்னா பை காலின்னு அர்த்தம்!”

அவள் கை எழுந்தது. தோள் வலிக்கும் அளவுக்கு உயர எழுந்தது. ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது.

வாசலில் கண்ணாடிக்காரர் காத்திருந்தார். “தங்கச்சி, நீ அந்தத் தம்பி கையைப் பிடிக்காம இருந்திருந்தா நான் கவனிச்சே இருக்கமாட்டேன்.”

“நீங்க கண்ணாடியைத் துடைக்காம இருந்திருந்தா நான் கையைத் தூக்கியே இருக்கமாட்டேன் அண்ணே.”

அவர் வாயைப் பிளந்தார். “படுபாவி, அதையும் சொல்லிக் குடுத்துட்டா போனான்?” சிரித்தபடியே மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மின்விசிறியை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்தாள். கொழுந்தன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். காசை விளிம்பில் பிடித்துக் குழியில் இறக்கினாள். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மூடியைச் சாத்தும்வரை பொறுத்தாள்.

“உக்காந்துடுச்சுங்க!” என்று கத்தினாள், யாரைப் பார்த்து என்று தெரியாமலே.

கொழுந்தன் போய் மின்விசிறியைப் போட்டான். அது ‘கிறீச்’ என்று ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.